ராத்திரி மூன்று மணிப் படபடப்பும் இறங்காத எடையும்

அம்மா, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 64, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் 2 மில்லிகிராம் கிளிமிபிரைடும் காலை ஒன்று, இரவு ஒன்று. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 7.1. முழங்கால் வலிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர், "பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு மாதமாக இரவில் இட்லியை நிறுத்திவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு படுத்துக்கொள்கிறீர்கள். எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி மூன்று மணிக்கு உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, எழுந்துபோய் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். "இந்த வயசுல, இந்த வியாதியோட எடை குறையுமா, இல்ல இது வேண்டாத வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையும். வேண்டாத வேலையும் இல்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த மூன்று மணி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எடை ஏன் இறங்கவில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. இருபத்து மூன்று வருடமாக உணவியல் ஆலோசகர். பாதிக் காலம் அரசு மருத்துவமனையில், மீதி சர்க்கரைக்கென்று இருக்கும் ஒரு கிளினிக்கில். மருந்துச் சீட்டில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் மருந்தும் சாப்பாடும் எங்கே மோதிக்கொள்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மாத்திரை. நம்மூரில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தே வருகின்றன. அதனால் பலருக்குத் தாங்கள் இரண்டு மருந்து சாப்பிடுவதே தெரியாது. இரண்டும் வேலை செய்கிற விதம் வேறு. மெட்ஃபார்மின் முக்கியமாக, ஈரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. அது மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, வெறும் வயிற்றோடு படுத்தீர்களா என்றெல்லாம் அது பார்க்காது. மூன்று இட்லிக்குக் கணக்குப் போட்டு எழுதிய மாத்திரையை ஒரு வாழைப்பழத்துக்குப் போட்டுக்கொண்டால், அது இறக்குகிற சர்க்கரைக்கு ஈடாக வயிற்றில் ஒன்றும் இருக்காது. நள்ளிரவு தாண்டியதும் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்த நேரத்தில் மீட்டரில் பார்க்கவில்லை என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. படபடப்புக்கும் வியர்வைக்கும் இதயம் உள்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சர்க்கரையை வாயில் போட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

இப்போது எடைக் கணக்குக்கு வருவோம். சட்னி, சாம்பாரோடு மூன்று இட்லி என்றால் சுமார் 300 கலோரி. அதற்குப் பதில் வாழைப்பழம் 100. ஒரு நாளைக்கு மிச்சம் 200, வாரத்துக்கு 1,400. சரி. மூன்று மணிக்கு எழுந்து என்ன சாப்பிட்டீர்கள்? நான்கு டீஸ்பூன் சர்க்கரை, நடுக்கம் அடங்காமல் ஆறு மேரி பிஸ்கட், அப்புறம் ஒரு டம்ளர் பால். கிட்டத்தட்ட 370 கலோரி. மூன்று ராத்திரிக்கு 1,100. வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்ததில் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. மீதி இருக்கிற முந்நூறையும் மறுநாள் காலைப் பசி முடித்துவிடும். சர்க்கரை இறங்கி ஏறிய மறுநாள் பசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்களிடம் மன உறுதி இல்லாமல் இல்லை அம்மா. உடம்பு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தின்னச் சொல்கிறது, நீங்கள் தின்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, இன்று ராத்திரியிலிருந்தே இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவது. இரண்டு இட்லி போதும், ஆனால் கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரோ இருக்கட்டும். இரண்டாவது, கட்டில் பக்கத்தில் குளுக்கோமீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். படபடவென்று வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். பார்க்க முடியாத அளவு நடுக்கம் இருந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் மீட்டர். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு மூன்று டீஸ்பூன். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதற்குத் தோதுப்படாது. அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், தாமதமாவதால் நீங்கள் இன்னும் சாப்பிடுவீர்கள். மூன்றாவது, இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். அடுத்த மாத செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். "சாப்பாட்டைக் குறைக்கப்போறேன், ராத்திரி சர்க்கரை இறங்குது, இரவு மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். எடை குறைக்கச் சொல்கிறவர் முழங்காலைப் பார்க்கிறார், மாத்திரை எழுதுகிறவர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், இருவருக்கும் இடையே செய்தி கொண்டுபோக உங்களைத் தவிர ஆள் இல்லை.

உங்களுடைய 7.1ஐப் பார்த்து எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். அது சராசரி, பகலில் 220, ராத்திரி 60 என்று போனாலும் சராசரி அழகாகத்தான் வரும். அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கம்கூட, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முதியவர்களுக்கு 7 முதல் 7.5க்குள் இருந்தால் போதும் என்கிறது. பல வியாதிகள் சேர்ந்து இருப்பவர்களுக்கு 8 வரை விடுகிறது. காரணம், ராத்திரி பாத்ரூமுக்குப் போகிற வழியில் சர்க்கரை இறங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த 7.1ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்று, பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அவை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

மாத்திரைக்கும் எடைக்கும் வேறு தொடர்பும் உண்டு, அதையும் டாக்டரிடம் பேசலாம். கிளிமிபிரைடு வகை, பயோகிளிடசோன், இன்சுலின் மூன்றும் எடையைக் கொஞ்சம் ஏற்றுபவை. மெட்ஃபார்மின் ஏற்றாது, சிலருக்குச் சிறிது குறைக்கும். கிளிப்டின் என்று முடிகிற மாத்திரைகள் ஏற்றவும் மாட்டா, இறக்கவும் மாட்டா. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் இரண்டு மூன்று கிலோ இறங்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லது என்பது உறுதியாகியிருக்கிறது. ஆனால் பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம், வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றலாம். அந்த மாத்திரையோடு பட்டினி விரதமோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்துகிற டயட்டோ சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிற ஆபத்து உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பது சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் சொல்ல வேண்டியது.

சரி, எடை குறைவதால் என்ன கிடைக்கும்? இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்து சதவீதம், அதாவது உங்களுக்கு நான்கு கிலோ குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும், மாத்திரை குறையும். இதில் சந்தேகமே இல்லை. முழங்காலுக்கும் அப்படித்தான். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழுகிற பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். மாரடைப்பைத் தடுக்குமா என்றால் அங்கே கை விரித்துவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் லுக் அஹெட் என்று ஒரு பெரிய ஆய்வு, உங்களை மாதிரி சர்க்கரையும் கூடுதல் எடையும் உள்ள, 45 முதல் 76 வயது வரையான 5,145 பேரை வைத்து நடந்தது. தீவிர உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் முதல் வருடம் சராசரியாக எட்டரை சதவீதம் எடை குறைத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் தெரியாததால் 2012ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே ஆய்வில் நடமாட்டம் நன்றாக இருந்தது, சிறுநீரகப் பாதிப்பும் தூக்கத்தில் மூச்சடைப்பும் குறைந்தன. பெண்களுக்கு, தும்மினால் இருமினால் சிறுநீர் கசிகிற தொல்லையும் குறைந்தது. இதைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். இடுப்பு எலும்பு கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்ததும் அதே ஆய்வில்தான் தெரிந்தது.

"சர்க்கரையை வேரோடு பிடுங்கலாம், மாத்திரையைத் தூக்கிப் போடலாம்" என்கிற வீடியோக்களை உங்கள் மருமகள் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு உண்மை இருக்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் நடத்திய டைரக்ட் ஆய்வில், தினமும் சுமார் 850 கலோரி மட்டும் தருகிற சூப்பும் ஷேக்கும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாவது வருட முடிவில் அது 36 சதவீதம். வீடியோவில் சொல்லாமல் விடுவது இதுதான்: அதில் சேர்க்கப்பட்டவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள், சர்க்கரை வந்து ஆறு வருடம் தாண்டாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஆய்வு தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் சூப்பைக் கொடுத்தார்கள், கூடவே ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். உங்களுக்கு 12 வருடம் ஆகிவிட்டது. மாத்திரை குறையும் என்று நம்பிக்கையோடு சொல்வேன், அறவே நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடத்துக்கு முன் 71 வயது பாட்டி ஒருவர் வந்தார். நான் கொடுத்த அட்டவணையைப் பாதியாக்கி, மூன்று வேளையும் கஞ்சியும் கீரையுமாக இருந்து, நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்திருந்தார். சர்க்கரை பிரமாதம். ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. அறையிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு, "பாட்டியைப் பாருங்க, இப்படி இருக்கணும்" என்று கை தட்டினேன். அடுத்த முறை அவர் மகன்தான் முதலில் உள்ளே வந்தார். "மேடம், அம்மாவால தரையில உக்காந்தா எழுந்திரிக்க முடியல. கக்கூஸ்ல மாட்டிக்கிட்டாங்க, கதவை உடைச்சுத் தூக்கினோம்." பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னேன். மூன்று முறை முயன்றார். முடியவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தேன், சதையே இல்லை, தோல் தொங்கியது. குறைந்த ஒன்பது கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சதை என்று நான் கேட்டிருக்கவே இல்லை.

அதிலிருந்து, எடை பார்க்கிற ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்கிறேன். இளம் வயதில் எடை குறைந்தாலும் போகிற சதை திரும்ப வந்துவிடும். அறுபதுக்கு மேல் போனது எளிதில் வராது. பிறகு எடை ஏறினாலும் கொழுப்பாகத்தான் ஏறும். போதாததற்கு, சாப்பிட்ட சர்க்கரையை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதே தசைதான். அதைக் கரைத்துவிட்டுச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, அணையை உடைத்துவிட்டு வெள்ளத்தைத் தடுக்கிற கதை. 2017ல் 65 வயது தாண்டிய, பருமனான 160 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எடை குறைக்கும்போது நடைப்பயிற்சி மாதிரியானதை மட்டும் செய்தவர்களுக்குச் சதை ஐந்து சதவீதம் போனது. பளு தூக்கியவர்களுக்கு இரண்டு சதவீதம், இரண்டையும் செய்தவர்களுக்கு மூன்று. நடமாடும் திறன் அதிகம் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்குத்தான்.

பளு என்றதும் ஜிம்மை நினைக்க வேண்டாம். கை வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்து முறை. முதலில் கையை ஊன்றியே செய்யுங்கள். ஒரு மாதத்தில் ஒரு கை, அப்புறம் கையே இல்லாமல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்துத் தோளுக்குத் தூக்குங்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். கண் விழித்திரையை இந்த வருடம் பரிசோதிக்கவில்லை என்றால், பாட்டில் தூக்குவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். அங்கே ரத்தக் கசிவு இருந்தால் பளு தூக்குவது ஆகாது. முழங்கால் வலிக்கிறது என்பதால் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் போதும். அறுபது தாண்டியவர்களிடம் 2013ல் செய்த ஒரு சின்ன ஆய்வில், மூன்று வேளைக்குப் பின் 15 நிமிட நடை, காலையில் 45 நிமிட நடைக்கு இணையாகச் சர்க்கரையை வைத்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரைக்கு இன்னும் நன்றாகவே கேட்டது. பத்துப் பேரை வைத்துச் செய்தது, வேதவாக்கு இல்லை. ஆனால் செலவில்லாதது. மொட்டைமாடியில் எட்டு போட்டு நடந்தாலும் சரிதான், எட்டுக்கென்று தனி மகிமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செருப்பு முக்கியம். பாதத்தில் மதமதப்பு இருக்கிறவர்கள் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருவதை வருடா வருடம் பார்க்கிறேன். வலி தெரியாததால் மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகுதான் பார்ப்பார்கள்.

அடுப்படிக்கு வருவோம். "சாதம் கொஞ்சூண்டுதான் போட்டுக்குவேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். என் அறையில் ஒரு சமையலறைத் தராசும் எவர்சில்வர் தட்டும் வைத்திருக்கிறேன். பக்கத்து கேன்டீனிலிருந்து சாதம் வாங்கி வைத்து, "வீட்ல போட்டுக்கிற மாதிரி போடுங்க" என்பேன். ஒருமுறை ஓர் அம்மா கரண்டியால் போட்டார், பார்த்தார், இன்னும் அரைக் கரண்டி போட்டார். 340 கிராம். "இதுவா? இது சாம்பாருக்கு. மோருக்கு வேற போட்டுக்குவேன்ல" என்றார். 340 கிராம் சாதம் என்பது சுமார் 440 கலோரி. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது; அந்தத் தட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இராது. உங்களுக்கு நான் சாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 150 கிராமை ஒருமுறை அளந்து, அது கொள்கிற கிண்ணத்தைக் கண்டுபிடித்து, அதையே உங்கள் கிண்ணமாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கும் மோருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். மீதி இடத்தைப் பொரியலும் கூட்டும் நிரப்பட்டும். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வருவது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன. எடைக்கு உதவுமா என்பது தெளிவில்லை, ஆனால் பசி முதலில் பீன்ஸில் போய்விடும்.

குறைக்கக் கூடாதது புரதம். உங்கள் உயரத்துக்கு நாளொன்றுக்கு 55 முதல் 60 கிராம் தேவைப்படும். நீங்கள் எழுதிய சாப்பாட்டை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தினம் ஒரு முட்டை 6 கிராம். ஒரு கிண்ணம் சுண்டல் 7 அல்லது 8. ஒரு பெரிய கிண்ணம் தயிர் 6. மீன் சாப்பிடுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வாரம் மூன்று நாள் குழம்பு மீனாக இருக்கட்டும், வறுவலாக வேண்டாம். பருப்பைக் கரைத்து நீராக விட்ட சாம்பாரில் புரதம் சொற்பம், கெட்டியாக வையுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதனால் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்காமல் புரதத்தை ஏற்ற வேண்டாம்.

எண்ணெய்க்கு ஒரே கேள்விதான் கேட்பேன்: வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர்? நீங்கள் நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் என்கிறீர்கள். ஆளுக்குத் தினம் 40 மில்லி, 330 கலோரி. மூன்று லிட்டரில் முடித்தால் சமையல் ருசி கெட்டுப்போகாது, ஆளுக்கு 130 கலோரி குறையும். தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் ஸ்பூனால் விட்டாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் பேரன் வைத்த மிச்சம். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாலும், அரைத் தோசை, நாலு வாய் நெய்ச் சாதம், கடித்து வைத்த பிஸ்கட் என்று அது ஒரு நாளைக்கு 200 கலோரிக்குக் குறையாது. உங்கள் தலைமுறைக்கு அன்னத்தைக் கொட்ட மனசு வராது, எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான். பேரன் தட்டில் முதலிலேயே பாதி போடச் சொல்லுங்கள்.

சிறுதானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேழ்வரகிலும் தினையிலும் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்தும், கேழ்வரகில் கால்சியமும் நன்றாக இருப்பதால் நல்லவைதான். ஆனால் "ராகிதானே" என்று இரண்டு டம்ளர் கூழாகக் குடித்தால் சாதத்தைவிட வேகமாகச் சர்க்கரை ஏறும், பசியும் அடங்காது. அடையாக, களியாக, அளவோடு சாப்பிடுங்கள். வெந்தயம் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கலாம். எடையைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் நான் பார்த்ததில்லை. சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூ டீயும் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவை வேலை செய்யாவிட்டால் காசு போகும், அவ்வளவுதான். வேலை செய்தால் கிளிமிபிரைடோடு சேர்ந்து ராத்திரி மூன்று மணிக்கு வேலை செய்யும்.

ஊசி பற்றியும் ஒரு வார்த்தை, அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். டிர்செபடைடு, செமாகுளுடைடு இரண்டும் எடை குறைக்கும் வாராந்திர ஊசிகளாக 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. வேலை செய்கின்றன, அதில் சந்தேகமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிடக் குறைவாகவே எடை இறங்குகிறது. பசியே எடுக்காது என்பதுதான் அவற்றின் பலம், அறுபதுக்கு மேல் அதுவேதான் என் கவலையும். பசி இல்லாதவர் முட்டையும் சுண்டலும் எங்கே சாப்பிடப் போகிறார்? வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல், நிறுத்தினால் திரும்ப ஏறுகிற எடை எல்லாம் உண்டு. கிளிமிபிரைடோடு சேர்த்தால் சர்க்கரை இன்னும் இறங்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாற்காலிப் பயிற்சியும் புரதமும் பழக்கமான பிறகு யோசிக்கலாம்.

எவ்வளவு, எத்தனை நாளில்? பத்து கிலோவை மறந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் நான்கு கிலோ. மாதம் ஒன்றரைக்கு மேல் போனால் சதை போகிறதா என்று சந்தேகப்படுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள், தினமும் ஏறி நின்றால் உப்பும் மலச்சிக்கலும்தான் தெரியும். அதைவிட ஒரு தையல் டேப் வாங்கித் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து குறித்து வையுங்கள். நம்மூர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தொட வேண்டும் என்றில்லை, நான்கைந்து சென்டிமீட்டர் குறைந்து, நாற்காலியிலிருந்து எழுவது சுலபமானால் சரியான வழியில் போகிறீர்கள். எடை இறங்காமல் இடுப்பு மட்டும் குறைகிற மாதங்களும் உண்டு. நேர்மாறாக, நீங்கள் ஒன்றும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை எகிறியிருக்கலாம், காசநோய், தைராய்டு, அபூர்வமாகக் கணையத்தில் கட்டி என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

உங்கள் கிரியேட்டினின், கண் பரிசோதனை முடிவு, பிரஷர் மாத்திரையின் பெயர், பி12 அளவு எதுவும் எனக்குத் தெரியாது. மெட்ஃபார்மின் 12 வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்திருப்பது சகஜம், கால் மதமதப்புக்கு அதுவும் ஒரு காரணமாகலாம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதச் சஷ்டியன்று முழு விரதம் இருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. டாக்டரிடம் போகும்போது, மூன்று மணி ரீடிங் எழுதிய தாளோடு அந்தக் கேள்வியையும் கொண்டுபோங்கள். அவரைப் பார்க்கும் முன்பே சஷ்டி வந்துவிட்டால், இந்த முறை மதியம் ஒருவேளை சாப்பிட்டு விரதம் இருங்கள். இரவும் வெறும் வயிற்றோடு படுக்காமல் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலுமாவது சாப்பிடுங்கள். அன்றைய காலை, இரவு மாத்திரையை என்ன செய்வது என்று கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.